தானியங்கிப் பற்றவைப்பில் தடுமாறும் மின்வில்

அனல் மின்நிலையக் கொதிகலன் ஒன்றின் உலைச் சுவர் செங்கல்லால் ஆனதன்று. நீர் ஓடும் எஃகுக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வோர் இரு குழாய்களுக்கும் இடையே ஓர் எஃகுப் பட்டையை வைத்து, அவற்றை நெடுகப் பற்றவைத்து அமைத்த சுவரே அது. ஒரு பெரிய கொதிகலனுக்கு வேண்டிய இத்தகைய பற்றவைப்புக் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் அவை பல கிலோமீட்டர் நீளும். அவ்வளவையும் கையால் செய்து முடிப்பது எளிதன்று. ஆகவே கொதிகலன் தொழிற்சாலைகளில் இவ்வேலை இயந்திரங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. திருச்சிராப்பள்ளியில் 1960-களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும், அதனை அடுத்துத் துவாக்குடிப் பகுதியில் பெருகிய பட்டறைகளும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அந்நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் 1975-ஆம் ஆண்டில் திருச்சியிலேயே அமைக்கப்பெற்றது.

இயந்திரத்தால் பற்றவைக்கும்பொழுது பயன்படும் முறைகளுள் முக்கியமான ஒன்று வாயுக்காப்பு மின்வில் முறையாகும். பட்டறைகளில் இதனை ‘மிக் வெல்டிங்’ என்றும், கரியமில வாயுவைப் பயன்படுத்தும்பொழுது ‘சி.ஓ.டூ வெல்டிங்’ என்றும் வழங்குவர். இம்முறையில் களப் பணியாளரை அடிக்கடி திகைக்கச் செய்யும் தொல்லை ஒன்று உண்டு. நேற்றுவரை சீராக எரிந்த மின்வில் இன்று வெடித்தும், சிதறியும், விட்டுவிட்டும் எரிகிறது. அளவுமானிகளின் முட்கள் ஆடுகின்றன. வேலைப்பொருளின்மீது உலோகத் துளிகள் தெறித்து ஒட்டிக்கொள்கின்றன. இத்தடுமாற்றத்தின் காரணத்தை எவ்வாறு தேடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மின்வில் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் விதம்

நோயை அறியுமுன் நலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இம்முறையில் சுருளில் உள்ள எஃகுக் கம்பியை ஒரு மோட்டார் மாறாத வேகத்தில் தள்ளுகிறது. கம்பி ஒரு நெகிழ்குழாயின் வழியே டார்ச்சுக்கு வந்து, துளையிட்ட செம்பு முனை ஒன்றினூடே வெளிப்படுகிறது. பட்டறையில் ‘காண்டாக்ட் டிப்’ எனப்படும் இம்முனையே கம்பிக்கு மின்சாரத்தை ஊட்டுகிறது. கம்பியின் நுனிக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே மின்வில் எரிகிறது. சுற்றிலும் உள்ள நாசில் வழியே வாயு வழிந்து, உருகிய உலோகத்தைக் காற்றினின்று காக்கிறது.

இதற்கு மின்சாரம் தரும் கருவி, மின்னழுத்தத்தை ஏறக்குறைய மாறாமல் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. இவ்வியல்பினால் ஒரு நன்மை விளைகிறது. ஏதோ ஒரு காரணத்தால் மின்வில் நீண்டுவிட்டது எனக் கொள்வோம். நீண்ட வில்லுக்கு மிகுந்த மின்னழுத்தம் தேவை. கருவி அதனைத் தராது. ஆகவே மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் கம்பி உருகும் வேகமும் குறைகிறது. ஆனால் மோட்டார் பழைய வேகத்திலேயே கம்பியைத் தள்ளுவதால் நுனி முன்னேறி, வில் பழைய நீளத்தை அடைகிறது. வில் குறுகினால் இதற்கு நேர்மாறாக நிகழும். கருவியின் சரிவு 100 ஆம்பியருக்கு 3 வோல்ட்டு என்றால், வில்லின் தேவை ஒரு வோல்ட்டு மாறியவுடன் மின்னோட்டம் ஏறத்தாழ 33 ஆம்பியர் மாறிவிடும். திருத்தம் அவ்வளவு வலுவாக இருப்பதனால்தான் மனிதக் கையின் உதவியின்றி வில் நிலைத்து எரிகிறது.

இத்திருத்தத்திற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கம்பி தடையின்றி வரவேண்டும். மின்சாரம் தடையின்றிச் சென்று திரும்பவேண்டும். வாயு கலையாமல் மூடவேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும், கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் வில் தடுமாறும்.

கைவேலைக்கும் இயந்திர வேலைக்கும் உள்ள வேறுபாடும் இங்குதான் வெளிப்படுகிறது. அனுபவம் மிக்க தொழிலாளி, வில்லின் ஓசை மாறியவுடன் தம்மை அறியாமலே டார்ச்சைச் சற்று நெருக்குவார் அல்லது விலக்குவார், கோணத்தை மாற்றுவார், வேகத்தைக் குறைப்பார். பழுதடைந்த உறுப்பின் குறையைக் கை மறைத்துவிடுகிறது. இயந்திரத்திற்குச் செவியில்லை. கற்பித்த பாதையில் கற்பித்த வேகத்தில் அது செல்லும். ஆகவே கைவேலையில் பல நாட்கள் வெளியே தெரியாத தேய்மானம், இயந்திர வேலையில் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். ‘கையால் செய்தால் நன்றாக வருகிறது, இயந்திரத்தில்தான் கோளாறு’ என்று பட்டறையில் எழும் முறையீடு பெரும்பாலும் இக்காரணத்தினாலேயே எழுகிறது.

ஹெர்த்தா அயர்ட்டன் காட்டிய வழி

மின்வில்லின் தடுமாற்றம் புதிய செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகளாக எரிந்த கரிமின்வில்கள் சீறுவதும் மினுக்குவதுமாக இருந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெர்த்தா அயர்ட்டன் அம்மையார் இதனை ஆராய்ந்தார். கரிமுனையின் பள்ளத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் படுவதே சீறலுக்குக் காரணம் என அவர் கண்டார். காற்றை விலக்கியபொழுது அச்சீறல் நீங்கியது. 1899-இல் இவ்வாராய்ச்சியை லண்டன் மின்பொறியாளர் கழகத்தில் வாசித்தார். அதே ஆண்டில் அக்கழகத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ‘மின்வில்’ என்னும் பொருளில் அவர் எழுதிய நூல் 1902-இல் வெளிவந்தது.

வில்லின் நீளம், மின்னோட்டம், மின்னழுத்தம் ஆகியவற்றுள் ஒன்றை நிலையாக வைத்து மற்றொன்றை மட்டும் மாற்றி அளந்ததே அவருடைய வெற்றிக்கு அடிப்படை. இன்றைய பட்டறைக்கும் அவ்விதியே பொருந்தும். மின்னழுத்தக் குமிழையும், கம்பி வேகத்தையும், வாயு அளவையும் ஒரே நேரத்தில் திருப்பிப் பார்ப்பவர், வில் சீரானாலும் எதனால் சீரானது என்பதை அறியமாட்டார். அடுத்த வாரம் அதே தொல்லை திரும்பும்.

முதற் கேள்வி: எங்கே, எப்பொழுது, எதன் பின்?

கருவியைத் திறக்குமுன் இக்கேள்விகளுக்கு விடை காண்பது பாதி வேலையை முடித்ததாகும்.

ஒவ்வொரு வேலைப்பொருளிலும் ஒரே இடத்தில் வில் தடுமாறுகிறதா? அவ்வாறாயின் காரணம் அவ்விடத்தைச் சார்ந்தது. அங்கே இணைப்பின் இடைவெளி மாறியிருக்கலாம். துருவோ வண்ணப்பூச்சோ இருக்கலாம். இயந்திரக் கை திரும்பும்பொழுது நெகிழ்குழாய் மடங்கிக் கம்பியைப் பிடிக்கலாம்.

வேலை நேரம் செல்லச் செல்லத் தடுமாற்றம் வளர்கிறதா? அவ்வாறாயின் தேய்வதும், அடைவதும், சூடேறுவதுமான உறுப்புகளை ஐயுறவேண்டும். டிப், நெகிழ்குழாயின் உள்ளுறையாகிய லைனர், நாசிலில் படியும் உலோகத் துளிகள், உறையும் ரெகுலேட்டர் ஆகியவை இவ்வகையின.

கம்பிச் சுருளோ வாயு உருளையோ மாற்றிய பின் தொடங்கியதா? காரணம் பெரும்பாலும் அம்மாற்றத்திலேயே இருக்கும்.

இடமும் காலமும் இன்றித் தோன்றி மறைகிறதா? தளர்ந்த மின் இணைப்பையும் காற்று வீச்சையும் முதலில் தேடவேண்டும்.

கம்பியின் பாதை

தேடலைக் கம்பியிலிருந்து தொடங்குவது நலம். 1.2 மில்லிமீட்டர் கம்பி நிமிடத்திற்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும்பொழுது, ஒரு வினாடியில் 133 மில்லிமீட்டர் உருகுகிறது. அதாவது கம்பி பத்தில் ஒரு வினாடி தயங்கினாலும் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் கம்பியை உருக்கும் வெப்பம் அங்கே காத்திருக்கிறது. டிப்பிற்கும் வேலைப்பொருளுக்கும் இடையே உள்ள தூரமே பொதுவாக 15 முதல் 20 மில்லிமீட்டர்தான். கண் இமைக்கும் நேரத் தயக்கம், வில்லை டிப்புவரை ஏற்றிக் கம்பியை அதனோடு ஒட்டவைத்துவிடப் போதுமானது.

தள்ளும் ரோலரின் பள்ளம் கம்பியின் பருமனுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். அழுத்தம் குறைந்தால் கம்பி வழுக்கும். மிகுந்தால் கம்பி நசுங்கி அதன் செம்புப் பூச்சு தூளாக உதிர்ந்து லைனரை அடைக்கும். ரோலரின் அடியில் செம்புத் தூள் குவிந்திருந்தால் அதுவே சான்று. ரோலரைத் தளர்த்தி, கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்கவேண்டும். சீரான சிறு எதிர்ப்புடன் வந்தால் பாதை நன்று. பற்றிப் பற்றி வந்தால் லைனரைச் சுத்தம் செய்யவேண்டும் அல்லது மாற்றவேண்டும். நெகிழ்குழாயை இயன்றவரை நேராக வைத்தல் வேண்டும்.

அடுத்தது டிப். இதன் துளை கம்பியைவிடச் சிறிதளவே பெரிது. கம்பி ஒரு பக்கமாக உராய்ந்து உராய்ந்து துளையை நீள்வட்டமாக்குகிறது. அப்பொழுது மின்சாரம் கம்பிக்குள் நுழையும் இடம் மேலும் கீழும் அலைகிறது. கம்பியின் நுனியும் பக்கவாட்டில் அசைந்து இணைப்புக் கோட்டை விட்டு விலகுகிறது. டிப்பின் விலை மிகச் சொற்பம். அது கெடுக்கக்கூடிய வேலைப்பொருளின் விலையோ மிகப் பெரிது. வில் ஆடத் தொடங்கியவுடன் புதிய டிப் ஒன்றை மாட்டிப் பார்ப்பது முதற் சோதனையாக இருத்தல் தகும்.

மின்சாரத்தின் பாதை

மின்சாரம் டார்ச்சுக்குப் போவதை எல்லாரும் கவனிப்பர். அது திரும்பி வரும் வழியைச் சிலரே கவனிப்பர். ‘எர்த்’ எனப்படும் திரும்பு கேபிள், துருவேறிய மேசையிலோ வண்ணம் பூசிய சட்டத்திலோ பொருத்தப்பட்டிருந்தால் அங்கே மின்தடை தோன்றும். அத்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கே ஆனாலும், 250 ஆம்பியர் செல்லும்பொழுது 2.5 வோல்ட்டு அங்கே வீணாகும். 26 வோல்ட்டு வேண்டும் வில்லுக்கு இது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அவ்விடத்தில் 625 வாட்டு வெப்பமும் பிறக்கும், வெப்பத்தினால் தடை மேலும் மாறும், வில்லும் மாறும்.

சோதனை எளிது. பற்றவைப்பு நிகழும்பொழுது, வேலைப்பொருளுக்கும் கருவியின் எர்த் முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கவேண்டும். அது மிகுதியாகவோ ஆடிக்கொண்டோ இருந்தால் திரும்பு பாதையில் குறையுண்டு. சுழலும் மேசைகளில் மின்சாரம் தாங்கு உருளைகளின் வழியே திரும்பாமல், தேய்வு தொடர்புகளின் வழியே திரும்புமாறு அமைத்தல் இன்றியமையாதது. மிகுதியான கேபிளைச் சுருட்டி இரும்புச் சட்டத்தின்மேல் வைப்பதும் தவறு. அது ஒரு மின்காந்தச் சுருளாகி, துடிப்பு மின்னோட்டத்தின் வடிவத்தைக் கெடுக்கும். பழுது பார்த்தபின் கேபிள்கள் இடம் மாறியிருந்தால் துருவமும் மாறிவிடும். திடக் கம்பிக்கு டார்ச் நேர்முனையில் இணைந்திருத்தல் வேண்டும்.

வில் எப்பொழுதும் ஒரே பக்கமாக ஊதித் தள்ளப்படுவதுபோல் சாய்ந்தால், அது காந்தத்தின் வேலை. எர்த்தின் இடத்தை மாற்றுவதும், காந்தமேறிய பிடிகளை அகற்றுவதும் இதற்குப் பரிகாரமாகும்.

வாயுவும் பாலக்காட்டுக் காற்றும்

வாயு அளவு பொதுவாக நிமிடத்திற்கு 12 முதல் 18 லிட்டர் இருக்கும். உருளையின் அருகே மானி காட்டும் அளவை மட்டும் நம்பலாகாது. குழாயில் கசிவு இருந்தால் நாசிலுக்கு வருவது வேறாகும். நாசிலின் வாயில் வைத்து அளக்கும் சிறு மானியே மெய்யைக் கூறும். போதாதோ என்று கருதி வாயுவை மிகுதியாகத் திறப்பதும் தீங்கே. சுழன்று வரும் வாயு வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கரியமில வாயு உருளையில் திரவம் ஆவியாகும்பொழுது கடுங்குளிர் உண்டாகி ரெகுலேட்டர் உறையக்கூடும். அங்குள்ள ஹீட்டர் பழுதடைந்திருந்தால், காலையில் சீராக இருந்த வில் சிறிது நேரத்தில் கெடுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

சில ஊர்களில் இயற்கையே வாயுக்காப்பைக் கலைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடற்காற்று இவ்வழியே கோவைச் சமவெளிக்குப் பாய்கிறது. கணவாயில் அமைந்த கஞ்சிக்கோடு ஒரு தொழிற்பகுதி. அங்கேயே காற்றாலைகளும் சுழல்கின்றன. வெப்பத்திற்கு அஞ்சிப் பக்கச் சுவரின்றிக் கூரை மட்டும் எழுப்பும் பட்டறைகளுக்கு அக்காற்று இனியது; மின்வில்லுக்கோ பகை. வினாடிக்கு 2 மீட்டர் வேகமே வாயுத்திரையைக் கலைக்கத் தொடங்கும். முகத்தில் தென்றல் படுவதை உணரும் அளவுதான் அது. இடுக்கி மலைப்பகுதிபோல் மழையும் ஈரமும் மிகுந்த இடங்களில், திறந்து வைத்த கம்பிச் சுருள் துருவேறுவதும் எஃகின்மேல் ஈரம் படிவதும் இதனோடு சேர்ந்துகொள்ளும். துருவேறிய கம்பி லைனரில் உராயும். ஈரம் வில்லில் சிதைந்து ஹைட்ரஜனைத் தரும். வேலை முடிந்தபின் சுருளை மூடிவைப்பதும், பற்றவைக்குமுன் இணைப்பைத் துடைத்து உலர்த்துவதும் அங்கே வழக்கமாதல் வேண்டும்.

காற்றுத் தடுப்பிற்காகப் பட்டறையை முற்றும் அடைத்துவிடலாமா எனின், கூடாது. பற்றவைப்புப் புகை தீங்கு செய்வது. கரியமில வாயு வில்லின் வெப்பத்தில் ஓரளவு சிதைந்து, நச்சுத் தன்மையுள்ள கார்பன் மோனாக்ஸைடையும் தருகிறது. டார்ச்சைச் சுற்றித் திரை அமைத்து, புகையை அது எழும் இடத்திற்குச் சற்று அப்பால் உறிஞ்சி வெளியேற்றுவதே முறை. தொழிலாளியின் முதுகுக்கு வீசும் மின்விசிறி வில்லின்மேல் வீசாதவாறு திருப்பி வைக்கப்படல் வேண்டும்.

அளவுகளைத் தொடுவது இறுதியில்

மேற்கூறியவை யாவும் சரியாக இருந்தும் தடுமாற்றம் நீங்காவிடின், அப்பொழுதே குமிழ்களை நாடவேண்டும். 1.2 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியில், ஏறக்குறைய 100 முதல் 200 ஆம்பியரும் 16 முதல் 22 வோல்ட்டும் உள்ள நிலையில், கம்பி நொடிக்குப் பல முறை உருகுகுளத்தைத் தொட்டுத் தொட்டு உலோகத்தை விடுகிறது. வடகம் பொரிவது போன்ற சீரான ஓசை இதன் அடையாளம். ஆர்கான் மிகுந்த கலவையில் ஏறத்தாழ 250 ஆம்பியருக்கு மேல் உலோகம் நுண்துளிகளாகத் தூவப்படும். அப்பொழுது ஓசை மெல்லிய இரைச்சலாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதியில் பெரிய துளிகள் ஒழுங்கின்றி வீழ்ந்து தெறிக்கும். அளவுகள் தெரியாமலே இவ்விடைப்பகுதியில் அமைந்துவிடுவது உண்டு. மின்னழுத்தம் குறைந்தால் கம்பி வேலைப்பொருளில் குத்தி நிற்கும். மிகுந்தால் வில் நீண்டு அலையும். தூய கரியமில வாயுவில் நுண்துளித் தூவல் கிட்டாது. ஆகவே ஆர்கான் கலவைக்கென அமைத்த துடிப்புத் திட்டத்தில், உருளை மாற்றும்பொழுது கரியமில வாயுவை இணைத்தால் வில் தடுமாறுவது இயல்பே.

குமிழை இறுதியில் தொடவேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. தேய்ந்த டிப்பினால் ஆடும் வில்லை, கம்பி வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றி ஒருவாறு அடக்கிவிடலாம். மேலே தோன்றும் கோடும் அழகாகவே இருக்கும். ஆனால் வெப்பம் குறைந்த அந்நிலையில் உலோகம் அடிப்பொருளோடு உருகிச் சேராமல், அதன்மேல் படிந்து மட்டுமே நிற்கக்கூடும். கண்ணுக்குத் தெரியும் தெறிப்பு உளியால் நீங்கும். கண்ணுக்குத் தெரியாத சேராமையோ, கொதிகலனின் குழாயிலும் இரயில் பெட்டியின் சட்டத்திலும் பல்லாண்டு உறங்கியிருந்து, சூடேறியும் ஆறியும் அதிர்ந்தும் வரும்பொழுது வெடிப்பாக விழித்தெழும். அப்பொழுது அதனருகே நிற்பவர் அப்பற்றவைப்பைச் செய்தவர் அல்லர்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி

தொழிற்பயிற்சி நிலையங்களில் நல்ல வில்லை மட்டும் காட்டினால் போதாது. கெட்ட வில்லையும் வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டவேண்டும். கழிவுத் தகடுகளில் முதலில் சீரான கோடு ஒன்றை இடச் செய்து, மின்னழுத்தம், மின்னோட்டம், ஓசை, தெறிப்பு ஆகியவற்றைக் குறிக்கச் செய்யலாம். பின்னர் ஒரு முறை தேய்ந்த டிப்பை மாட்டியும், ஒரு முறை எர்த்தைத் துருவேறிய தகட்டில் பொருத்தியும், ஒரு முறை மின்விசிறியைத் திருப்பி வைத்தும் அதே கோட்டை இடச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் இருத்தல் வேண்டும். மாற்றம் எது என்பதை மாணவர் முன்கூட்டி அறியாதிருப்பின் பயிற்சி இன்னும் சிறக்கும். எர்த் சோதனையில் அளந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் கொண்டு தடையைக் கணக்கிடச் செய்தால், ஓம் விதி ஏட்டிலிருந்து பட்டறைக்கு வந்துவிடும்.

இறுதியில், குமிழ்களைத் திருப்பி ‘அடக்கிய’ கோணப் பற்றவைப்பு ஒன்றையும், சீரான ஒன்றையும் பிடிப்பானில் இறுக்கிச் சம்மட்டியால் உடைத்துக் காட்டவேண்டும். உடைந்த முகத்தில் அடித்தகட்டின் வெட்டுவிளிம்பு உருகாமல் அப்படியே தெரிந்தால், மேற்பரப்பின் அழகு எவ்வளவு பொய்யானது என்பதை மாணவர் ஒருபோதும் மறவார். கண் காப்பும், கையுறையும், காற்றோட்டமும் இப்பயிற்சி முழுவதும் கட்டாயம்.

களப் பணியாளர் தம் இயந்திரத்தின் அருகே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நன்று. டிப் மாற்றிய நேரம், லைனர் சுத்தம் செய்த நாள், சுருளும் வாயுவும் மாறிய வேளை, வில் தடுமாறிய இடம் ஆகியவற்றை அதில் எழுதிவந்தால், சில வாரங்களிலேயே அவ்வியந்திரத்தின் இயல்பு புலப்படும். டிப் எத்தனை மணி நேரத்தில் தேய்கிறது என்று தெரிந்துவிட்டால், அது கெடுமுன் மாற்றிவிடலாம். தடுமாறிய வில்லைத் திருத்துவதினும், அது தடுமாறாதவாறு காப்பதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.